உளுந்தங்களி தின்ற கிளி

புளித்துப்போன வேர்க்கடலை வாசம் எங்கே அடித்தாலும் என் வலது உள்ளங்கை தானாக மூடிக்கொள்கிறது. எங்கள் நைனார்பாளையத்தில் அதை “மல்லாட்டை” என்போம். மென்று, தொண்டைக்குள் வைத்திருந்து, கழுத்தை மேலும் கீழும் ஆட்டி, சூடாகவும் கொழகொழப்பாகவும் ஒரு கிளி அதை என் உள்ளங்கையில் கக்கி வைத்தது. அதற்கு உடம்புக்கு முடியவில்லை, செத்துவிடப் போகிறது என்று நான் அழுதேன். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகையை ஒட்டிய தட்டுமுட்டு அறையில், யாரும் தொடக்கூடாதவளாக உட்கார்ந்திருந்தேன். அந்த நாட்களில் என்னைத் தொட்ட ஒரே உயிர் அந்தக் கிளிதான்.

கிளி வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். என் தாய்மாமாவுக்குத் திருநாவலூர். அதற்கு மூன்று வருடம் முன்னால், உளுந்தூர்ப்பேட்டைச் சாலையில் ஒரு புளியமரப் பொந்திலிருந்து இறகு முளைக்காத குஞ்சாக எடுத்து, துண்டில் சுற்றிக்கொண்டு வந்து என் மடியில் போட்டார். பொட்டை என்று அவர் அடித்துச் சொன்னதால் “ராணி” என்று பேர் வைத்தோம். அது அம்மாவின் தோளில் உட்கார்ந்து கூழ் குடிக்கும். அத்தையின் மூக்குத்தியை அலகால் மெல்ல இழுத்துப் பார்க்கும். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. புருஷன் செத்தபின் எங்கள் வீட்டுக்கு வந்தவள், வந்த நாளிலிருந்து வீட்டை அவள்தான் நடத்தினாள். அவளைக் கேட்காமல் அம்மா உலைகூட வைக்க மாட்டாள். எல்லோரிடமும் சிடுசிடுப்பவள், கிளியிடம் மட்டும் குழைவாள். முகத்தைக் கூண்டோடு ஒட்டிவைத்துக்கொண்டு “இன்னாடி, இன்னாடி” என்று பேசுவாள்.

நான் அந்த அறையில் உட்கார்ந்த வருடம் ஆடியில் ராணியின் கழுத்தைச் சுற்றிக் கறுப்பும் ரோஜா நிறமுமாக ஒரு வளையம் விழுந்தது. அதற்கு “ஆரம்” என்று பேர். ஆரம் விழுந்தால் ஆண். ராணி ராஜாவாகிவிட்டான் என்று அப்பா சிரித்தார். பேரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. நான் இன்றைக்கும் ராணி என்றுதான் சொல்வேன், அவன் என்றும் சொல்வேன். குழப்பமாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

புரட்டாசியில் இடஒதுக்கீட்டுப் போராட்டம் உச்சத்துக்கு வந்தது. படிப்பிலும் வேலையிலும் எங்கள் சனத்துக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று அதற்கு முன்பே மறியல்கள் நடந்துகொண்டிருந்தன. இந்த முறை சாலையோர மரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளிவிட்டார்கள். பஸ் நின்றது, பால் வண்டி நின்றது, பள்ளிக்கூடம் பூட்டிக்கொண்டது. எங்கேயோ துப்பாக்கிச் சூடு என்றார்கள். ஆண்கள் எல்லாம் காது கொடுத்தபடியே நடந்தார்கள், ஜீப் சத்தம் கேட்டால் கரும்புக்குள் மறைந்தார்கள். அப்படி ஒரு வாரத்தின் நடுவில், மல்லாட்டைக் கொல்லையில் களை பறித்துக்கொண்டிருந்தபோது, நான் வயசுக்கு வந்தேன்.

வீட்டுக்கு ஓடிவந்து என்ன செய்வதென்று தெரியாமல் முதலில் ராணியைத்தான் தூக்கி மார்போடு வைத்துக்கொண்டேன். அத்தை பார்த்துவிட்டாள். “கிளியத் தொட்டுட்டா பாரு. அதுவும் அவகூடயே கெடக்கட்டும்” என்றாள். அப்படித்தான் அவனும் கூண்டோடு தட்டுமுட்டு அறைக்கு வந்தான். ஆண்கள் கண்ணில் படக்கூடாது என்று ஜன்னலில் சாக்கைக் கட்டினார்கள். எனக்கென்று ஒரு எவர்சில்வர் தட்டு, ஒரு சொம்பு, ஒரு பாய். தலைமாட்டில் ஒரு இரும்புத் துண்டு.

எங்கள் வழக்கப்படி தாய்மாமன் தன் கையால் பச்சை ஓலை வெட்டிவந்து “குச்சு” கட்ட வேண்டும். அந்தக் குடிசையில் உட்காரவைத்து, மாலை போட்டு, தண்ணீர் ஊற்றிய பிறகுதான் பெண்ணை வீட்டுக்குள் சேர்ப்பார்கள். வேறு யார் கட்டினாலும் செல்லாது. ஒன்பதாம் நாள் என்று குறித்தார்கள். மாமாவுக்குச் சொல்லியனுப்ப வழியில்லை. ஆறாம் நாள், சைக்கிளைத் தோளில் தூக்கி மரம் மரமாகத் தாண்டி வந்த ஒரு உறவுக்காரர் செய்தி சொன்னார். மரம் வெட்டியவர்களில் மாமாவும் ஒருவர். போலீஸ் தேடுகிறது. ஆள் கல்வராயன் மலைக்கு ஏறிவிட்டார், கடுக்காய் வாங்கப்போன காலத்துப் பழக்கத்தில் கரியாலூர்ப் பக்கம் யார் வீட்டிலோ இருக்கிறார்.

அம்மா அழுதாள். அத்தைக்கு அழுகை வரவில்லை. “மாமங்காரன் வெட்ட வேண்டியது ஓலைய. அத்த வுட்டுட்டு மரத்த வெட்டிக்கினு மலைக்குப் போயிருக்கான்” என்றாள்.

ஒன்பது நாள் பதினொன்றானது. பதினொன்று பதினைந்தானது. மறியல் முடிந்த பிறகும் பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. நான் சாக்கு ஓட்டை வழியாக வெளியே பார்ப்பேன், நாலு எட்டு நடப்பேன், திரும்புவேன், மறுபடி நாலு எட்டு. அந்த அறையில் அதற்குமேல் இடம் இல்லை.

தினமும் காலையில் அம்மா களி வைப்பாள். உளுந்தையும் வெல்லத்தையும் கிண்டி உருட்டி, நடுவில் குழித்து நல்லெண்ணெய் ஊற்றி, ஆவி பறக்கத் தட்டில் தள்ளிவிடுவாள். இடுப்புக்கு வலுவாம். புரட்டாசி என்பதால் முட்டை கிடையாது, அதற்கும் சேர்த்து உளுந்து. எனக்கு இரண்டாம் நாளே தொண்டைக்குக் கீழ் இறங்கவில்லை. மீதி வைத்தால் அத்தை திட்டுவாள். அதனால் பாதியை ராணிக்குக் கொடுத்தேன். அவன் எண்ணெய் சொட்டச் சொட்டத் தின்றான். சாப்பிட்டதும் தட்டைக் கழுவிச் சுவரில் சாய்த்து வைப்பேன். அதற்குள் தெரியும் கிளியைப் பார்த்துத் தலையை ஆட்டி ஆட்டி என்னவோ பேசுவான். துணை கிடைத்ததென்று விட்டுவிட்டேன். மீதி நேரமெல்லாம் அவனை மடியில் வைத்துக் கழுத்திலிருந்து வால்வரை தடவிக்கொண்டிருப்பேன். வேறு என்ன செய்வது? அம்மாகூடத் தட்டைத் தரையில் வைத்துக் குச்சியால்தான் தள்ளினாள்.

இருட்டு, சூடான களி, தடவல், தட்டுக்குள் இன்னொரு கிளி. ஒரு ஆண் கிளிக்கு வெறி ஏற்ற இதற்குமேல் எதுவும் வேண்டாம். தோப்புக் கிளிகள் ஜோடி சேர்வது தை, மாசியில். எங்கள் ராணிக்கு நான் அதைப் புரட்டாசியிலேயே கொண்டுவந்துவிட்டேன். தெரிந்தா செய்தேன்?

பத்தாம் நாள்வாக்கில் அவன் மாறினான். அறையின் மூலையில் இரண்டு மல்லாட்டைச் சாக்குமூட்டைக்கு நடுவே இருந்த பொந்துபோன்ற இடத்தைப் பிடித்துக்கொண்டான். அதன் பக்கம் போனால் கண்மணி குண்டூசி முனையாகச் சுருங்கும், சட்டென்று விரியும். இறக்கையைத் தோளிலிருந்து லேசாகத் தூக்கிக்கொண்டு, போலீஸ்காரன்போல நெஞ்சை நிமிர்த்தி நடந்து வருவான். களி வைக்கக் குனிந்த அம்மாவின் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டிவிரலுக்கும் நடுவே ஒரே கடி. அவன் கடித்தால் விடுவதில்லை, திருகுவான். அடுத்த நாள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து “இன்னாடி” என்ற அத்தையின் மூக்கில் பாய்ந்தான். மூக்குத்தியோடு சேர்த்து இழுத்துவிட்டான். ரத்தம் உதட்டில் வழிய அத்தை நின்ற கோலம் எனக்கு இன்றும் மறக்கவில்லை. வலியைவிட அவள் முகத்தில் அவமானம் அதிகமாக இருந்தது. அவள் கொஞ்சியது ஒன்றே ஒன்றைத்தான்.

என்னையும் விடவில்லை. மூட்டை நடுவே கையை விட்டபோது சுண்டுவிரலைப் பதம் பார்த்தான். கடித்த கொஞ்ச நேரத்தில் வந்து அதே கையில் மல்லாட்டையைக் கக்கி வைத்தான். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. கிளி தன் ஜோடிக்குத்தான் அப்படி ஊட்டும் என்பது பிறகு தெரிந்தது.

“தீட்டுக்காரிகூட கெடந்து கிறுக்குப் புடிச்சிக்கிச்சு” என்று அத்தை தீர்ப்புச் சொன்னாள். மிளகாய் சுற்றிப்போட்டாள், மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். அவன் மஞ்சளாக நின்று இன்னும் கத்தினான். அவனுக்கு வந்ததற்குப் பேர் கிறுக்கு. எனக்கு வந்ததற்குப் பேர் சுபகாரியம். அடைத்துவைத்தது மட்டும் ஒரே அறையில்.

கடைசியில் அத்தை அம்மாவிடம் சொன்னது கதவு வழியாக எனக்குக் கேட்டது. “ரோடு தொறந்ததும் கிளி ஜோசியக்காரரு வருவாரு. அவராண்ட குடுத்துடலாம். ரெண்டு தீட்டும் ஒரே நாள்ல போவட்டும்.”

சின்னசேலத்திலிருந்து வாரம் ஒருமுறை எங்கள் ஊருக்கு வரும் ஜோசியக்காரரை எனக்குத் தெரியும். அவர் பெட்டியையும் தெரியும். அதற்குள் கிளி வால் மடங்கித்தான் நிற்கும். வெளியே வரும், சீட்டை எடுக்கும், ஒரு நெல் வாங்கிக்கொண்டு உள்ளே போகும். ஆயுசு முழுக்க அவ்வளவுதான். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாலை திறந்தால் மாமா வருவார், நான் வெளியே போவேன். சாலை திறந்தால் ஜோசியக்காரரும் வருவார், ராணி பெட்டிக்குள் போவான். தூரத்தில் ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டால் வா என்பேனா, வராதே என்பேனா, எனக்கே தெரியாது. எழுந்து நாலு எட்டு நடப்பேன்.

பத்தொன்பதாம் நாள் காலையில் மாமா வந்தார். மலையிறங்கிக் கச்சிராயபாளையம் வந்து, அங்கிருந்து போலீஸ் கண்ணில் படாமல் வரப்பு வரப்பாக நடந்திருக்கிறார். தாடி, மெலிவு, முழங்காலெல்லாம் முள் கீறல். சாக்குக்கு வெளியே நின்று “பாப்பா” என்றார். நான் நலம் விசாரிக்கவில்லை.

“எந்த மரத்த வெட்டன மாமா?”

“எந்த மரம்னு பாத்துக்கினா வெட்டுவாங்க? எல்லாரும் வெட்டனாங்க, நானும் வெட்டனேன்.”

“ராணி பொந்து இருந்த மரமா?”

அவர் குனிந்து முழங்காலில் இருந்த முள்ளைப் பிடுங்கினார். எனக்கு வந்த கோபத்தில் சாக்கைப் பிடித்து உலுக்கினேன். “நீ தள்ளிவுட்ட மரந்தான் உன்னிய வரவுடாம பண்ணிச்சு. பத்தொம்போது நாளா இங்க குந்திக்கினு கீறேன் நானு.”

“தெரியும் பாப்பா” என்றார். அரிவாளை எடுத்துக்கொண்டு தென்னை ஏறப்போனார். கேட்டது நியாயமான பங்குதான் என்பதில் எனக்கு எப்போதும் சந்தேகம் இருந்ததில்லை. கிளிப்பொந்து என்ன பாவம் செய்தது என்பதற்குத்தான் யாரும் பதில் சொல்லவில்லை.

மத்தியானத்துக்குள் குச்சு எழுந்தது. நாலு மூங்கில், சுற்றிலும் பச்சைத் தென்னோலை. என்னைக் குளிப்பாட்டி உட்காரவைத்தார்கள். அறையில் தனியாக விடப்பட்ட ராணி கத்திய கத்தலில் பெண்களால் பாட முடியவில்லை. “கொண்டாந்து அவகிட்டயே குடுங்க, வாய மூடட்டும்” என்று அம்மா சொல்ல, அவன் என் தோளில் வந்து உட்கார்ந்தான். மாமா மாலையோடு குனிந்தார். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் ராணி அவர் காது மடலைப் பிடித்துவிட்டான். மாமா உதறினார். மடல் கிழிந்தது. பச்சை ஓலையில் சொட்டுச் சொட்டாக ரத்தம்.

அத்தை விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்தாள். நான் ராணியை முந்தானைக்குள் வைத்துக் குச்சின் மூலையில் குறுகிக்கொண்டேன். அந்த நேரத்தில்தான் வாசலில் கிளி ஜோசியக்காரர் பெட்டியோடு வந்து நின்றார். முந்தின நாள்தான் ரோடு திறந்திருந்தது, அதற்குள் அத்தை சொல்லியனுப்பியிருக்கிறாள்.

அவர் ராணியைத் தொடாமல், தூர நின்றே பார்த்தார். ஆரத்தைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், மாமாவின் காதைப் பார்த்தார். “இது நமக்கு ஆவாதுங்க. கடிக்கற கிளி சீட்டு எடுக்காது, சீட்டக் கிழிக்கும்” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “இன்னாம்மா போட்டுக்கினு வந்த இதுக்கு?” என்று கேட்டார்.

எனக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. “உளுந்தங்களி.”

“எண்ணெய் ஊத்தியா?”

“ஆமா.”

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். “பொண்ணுக்குக் குடுக்கறதக் கிளிக்குக் குடுத்தா, அதுவும் வயசுக்கு வராம இன்னா பண்ணும்?”

பெண்கள் கூட்டம் வெடித்துச் சிரித்தது. காதைப் பொத்திக்கொண்டிருந்த மாமாவும் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. ஜோசியக்காரர் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார். வெளிச்சத்தில் மாட்டு. கம்பு, தினை மட்டும் போடு, சூடாக எதுவும் வேண்டாம். பளபளப்பான எதையும் பக்கத்தில் வைக்காதே. பதுங்க இடம் கொடுக்காதே. எல்லாவற்றுக்கும் மேலே, கையை எடு. தலையில் தொட்டால் தொடு, முதுகில் தொடாதே. ஒரு மாதத்தில் இறங்கிவிடும்.

தோப்பில் விட்டுவிடலாம் என்றாள் அத்தை. பறந்துபோகாமல் இறக்கை வெட்டி வளர்த்த கிளி தோப்பில் ஒரு பொழுது தாங்காது, பூனை தூக்கிவிடும். அது அவளுக்கும் தெரியும். மாமாதான் தடுத்தார். “வுடு அக்கா. ஊரே வெட்டிக்கினு குத்திக்கினு கெடக்குது. கிளி கடிச்சது ஒண்ணுதான் ஜாஸ்தியாயிடுச்சா?”

அத்தை யோசித்தாள். “தீவாளி வரைக்கும். அதுக்கப்பறம் ஒரு கடி கடிச்சாலும் தோப்புதான்” என்றாள்.

அன்றிலிருந்து எல்லோரும் என்னைத் தொட்டார்கள். கன்னத்தைக் கிள்ளினார்கள், நலுங்கு வைத்தார்கள், தலை வாரினார்கள். நான் தொடக்கூடாதது ஒன்றே ஒன்று, அது முருங்கை மரக்கிளையில் கூண்டில் தொங்கிக்கொண்டிருந்தது. கம்பைக் கிண்ணத்தோடு கவிழ்த்தான். என்னைக் கண்டால் இறக்கையைத் தளர்த்திக்கொண்டு முத்தம் கொடுப்பதுபோல ஒரு சத்தம் எழுப்புவான். நான் முதுகைக் காட்டிக்கொண்டு, கைகளைத் தாவணிக்குள் முடிந்துகொண்டு நிற்பேன். ஆறாம் நாள் என்னால் முடியவில்லை. யாரும் இல்லாத நேரம் பார்த்து விரலை விட்டு முதுகைக் கொஞ்சம் நீவிவிட்டேன். அவன் கண் சொக்கியது. மறுநாள் காலையில் கம்பு போடப்போன அம்மாவின் விரலில் ரத்தம். அம்மா அதை அத்தையிடம் சொல்லவில்லை, அரிவாள்மனை பட்டதென்று சொன்னாள். சொல்லிவிட்டு என் கையைப் பார்த்தாள். அதன் பிறகு நான் தொடவில்லை.

அது ஒரு மோசமான மாதம். மாமா மறுபடி மலைக்குப் போய்விட்டார். மறியல் பேச்சு ஓயவில்லை. பள்ளிக்கூடம் திறந்தும் என்னை அனுப்பலாமா வேண்டாமா என்று வீட்டுக்குள் சண்டை. ராணி மெல்ல மெல்ல இறங்கினான். முதலில் கத்தல் குறைந்தது. பிறகு பழைய இறகுகள் கூண்டுக்கடியில் உதிர ஆரம்பித்தன. ஒரு மத்தியானம் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு வெயிலில் தூங்குவதைப் பார்த்தேன். எத்தனையோ நாள் கழித்து அவன் தூங்கி அன்றுதான் பார்த்தேன்.

தீபாவளியன்று காலை எண்ணெய்க் குளியல் முடிந்து ஈரத்தலையோடு அத்தை முருங்கை மரத்தடிக்குப் போனாள். யாரையும் கூப்பிடவில்லை. ஆனால் அம்மா அடுப்படியிலிருந்து வந்து நின்றாள், அப்பா வந்து நின்றார், நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். அத்தை ஆறிப்போன மூக்கைக் கூண்டுக் கம்பியில் ஒட்டிவைத்தாள். ராணி கூண்டுக் குச்சியில் பக்கவாட்டில் நகர்ந்து வந்தான். தலையைச் சாய்த்துப் பார்த்தான். மூக்குத்தியை அலகால் பிடித்து, மெல்ல ஒரு இழு இழுத்து, விட்டுவிட்டான்.

அத்தை திரும்பினாள். “கம்பு தீந்துபோச்சு. அங்க இன்னா தூணக் கட்டிக்கினு நிக்கற, போய் வாங்கியா” என்றாள்.

ராணி அதற்குப் பின் பல வருடம் இருந்தான். தை, மாசியில் கொஞ்சம் முறைப்பான், அந்த நாட்களில் நாங்கள் விலகி நிற்கக் கற்றுக்கொண்டோம். எனக்குக் கல்யாணமாகிக் கள்ளக்குறிச்சிக்கு வந்தபோது அவனை அத்தையிடமே விட்டுவிட்டேன். என் உள்ளங்கையில் அவன் மறுபடி எதையும் வைக்கவே இல்லை.

இப்போது தாலுகா ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்கச் சாதிச் சான்றிதழ்தான் நகல் எடுக்கிறேன். அன்று கேட்ட பங்கு சில வருடம் கழித்துக் கிடைத்தது, என் மகள் படித்தது அதில்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். உளுந்தூர்ப்பேட்டைச் சாலையில் வெட்டியது போக மிச்சமிருந்த புளியமரங்களைச் சாலையை அகலப்படுத்துகிறேன் என்று இன்னொரு கூட்டம் எடுத்துவிட்டது. அதற்கு யாரும் மலைக்கு ஓடவில்லை. கிளி ஜோசியக்காரர்களும் இல்லை. கிளி வளர்த்தால் வனத்துறை பிடிக்கும், பிடிக்கத்தான் வேண்டும்.

போன மாதம் மாமா கடைக்கு வந்தார். மகள் வயிற்றுப் பேத்திக்கு மஞ்சள் நீராட்டு, ஏதோ விண்ணப்பத்துக்கு ஆதார் நகலும் வேண்டுமாம். போட்டோவில் அவர் இடது காதில் உள்ள வெட்டு, நகலில் கறுப்பாக விழுந்தது.

“உன் புள்ள குச்சு கட்டறானா மாமா?” என்று கேட்டேன்.

“எங்க. மண்டபத்துல மேடைக்காரங்களே எல்லாம் பண்ணிடறாங்க. பச்சையா துணி, சுத்திலும் பொம்மக் கிளிங்க. பாக்க நல்லாத்தான் இருக்குது.” காதைத் தடவிக்கொண்டு, “ஒண்ணும் கடிக்காது” என்றார்.

நான் அவர் தாள்களை அடுக்கிக் கொடுத்தேன். ஒன்றும் கடிக்காத அந்த மேடையில் உட்காரப்போகும் பிள்ளைக்கு இந்த நாட்களில் சாப்பிட என்ன கொடுக்கிறார்கள் என்று கேட்டேன். உளுந்தங்களிதான் என்றார். பிடிக்கவில்லை என்று பாதியை வைத்துவிடுகிறதாம்.